வணிகத் தமிழும் பட்டமேற்படிப்பும்: சிங்கப்பூரை முன்வைத்து ஒரு பார்வை

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. சட்டம் வழங்கிய இத்தகுதி பொதுப் புழக்கத்தில் எவ்வாறு பேணப்படுகிறது என்பது ஆராய்தற்குரியது. 2014ஆம் ஆண்டில், ‘லாவ் பா சாட்’ உணவங்காடியைச் சுட்டும் பலகையில் ‘சாட்’ என்பது ஆங்கிலக் கிழமைப் பெயரின் குறுக்கமாகக் கொள்ளப்பட்டுச் ‘சனி’ எனத் தமிழில் இடம்பெற்றது. அத்தொடர் ஹொக்கியன் வழக்கில் பழைய அங்காடியைக் குறிப்பதாகும். இப்பிழையைக் கணினி மொழிபெயர்ப்பின் மேல் ஏற்றி அமைதல் பொருந்தாது. இறுதியாகப் படித்து ஒப்புதல் தரத்தக்கவரை உருவாக்கும் கல்வி எது என்பதே நாம் எழுப்பும் வினா.

வணிகத் தமிழ் இங்குப் புதியதன்று. மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் பேரேடும் உண்டியலும் தமிழிலேயே எழுதினர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர் அம்மொழியைத் தொழிலோடு கற்றார். கிட்டங்கிகள் மறைந்தபோது அப்பயிற்சி முறையும் மறைந்தது. அதன் இடத்தை வகுப்பறை முழுமையாக நிரப்பவில்லை.

2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வலியுறுத்தியது. 2006இல் சிம் பல்கலைக்கழகம் (இன்றைய சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) தமிழ்மொழி இலக்கிய இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. இரண்டும் போற்றத்தக்கவை. எனினும், இலக்கியம் கற்றவர் வணிக மடலையும் இயல்பாகவே கற்பித்துவிடுவார் என்னும் எண்ணம் மறுபரிசீலனைக்குரியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜய் பாட்டியா, 1993இல் வெளியிட்ட நூலில், விற்பனை மடலும் வேலை விண்ணப்பமும் நோக்கத்தாலும் அமைப்பாலும் ஒரே வகையின என்று காட்டினார். அவர் ஆராய்ந்தவை ஆங்கில மடல்கள். அத்தகைய பகுப்பாய்வைத் தமிழ் ஆவணங்களுக்குப் பொருத்துவது பட்டமேற்படிப்பின் பணியாகும்.

வணிகத்தின் மொழி ஆங்கிலமே. தமிழுக்குச் சந்தை சிறிது என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும், சிராங்கூன் சாலையில் ஞாயிறுதோறும் கூடும் தமிழகத் தொழிலாளர்க்குப் பணம் அனுப்பும் படிவமும் பணியிடப் பாதுகாப்பு அறிவிப்பும் தமிழில் தெளிவாக அமைதல் வேண்டும். அங்கே ஒரு சொற்பிழை ஊதியத்தையோ உடலையோ பாதிக்கக்கூடும்.

ஆகவே, சமகால ஆவணங்களைத் தொகுத்து ஆராய்தல், கலைச்சொற்களைப் பயன்படுத்துவோரிடமே சோதித்தல், நிறுவனங்களில் களப்பயிற்சி பெறுதல் ஆகிய மூன்றும் வருங்கால ஆசிரியரின் முதுகலைக் கல்வியில் இடம்பெற வேண்டும். இலக்கியக் கல்விக்கு இவை மாற்றல்ல. மொழி வாழும் களத்தை விரிக்கும் துணையே என்பது நம் துணிபு.