பூஜை அறைப் படமும் விமர்சகரின் கண்ணும்

ராஜா ரவி வர்மாவைப் (1848–1906) போல ஒரே சமயத்தில் கொண்டாடப்பட்டும் தூற்றப்பட்டும் போன ஓவியர் நம்மிடையே அரிது. 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றவர், 1894-ல் பம்பாயில் சொந்த அச்சகம் தொடங்கினார். அங்கே கல்லச்சில் பல வண்ணத்தில் அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரணக் குடும்பங்களின் பூஜை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். மக்கள் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். கலை அறிந்தவர்களோ, இது கலையே அல்ல என்றார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் இருவரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சகுந்தலை கடிதம் எழுதும் படத்தைக் கண்டு சகோதரி நிவேதிதா முகம் சுளித்தார். நல்ல குடும்பத்துப் பெண் இப்படித் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டா எழுதுவாள் என்பது அவர் குறை. காளிதாசனின் நாடகத்திலேயே சகுந்தலை பூ விரித்த கற்பாறையில் சாய்ந்துகிடந்துதான், தாமரை இலையில் நகத்தால் எழுதுகிறாள். நிவேதிதா சொன்னது கலைத் தீர்ப்பே அல்ல. பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற அவருடைய சொந்த விருப்பம், அறிஞரின் குரலில் வந்ததால் தீர்ப்பாகிவிட்டது. வல்லுநர் தீர்ப்பில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் கண்டனம் வேறு வகை. ரவி வர்மாவின் தெய்வங்கள் நாடகப் பாத்திரங்களாக நிற்கின்றன, கற்பனை வறண்டிருக்கிறது என்றார் அவர். இதைப் படத்தில் வைத்தே சோதிக்கலாம். லட்சுமியின் சேலை மடிப்பில் துணியின் கனம் தெரிகிறது. அந்தக் கைத்திறனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அத்தனை எடையோடு நிற்கும் பெண்ணைத் தாமரை எப்படித் தாங்குகிறது? சோழர் செப்புத் திருமேனியைப் பார்க்கையில் இந்தக் கேள்வி எழுவதில்லை; அங்கே உடலே வேறு இலக்கணத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. குமாரசுவாமியை ஏற்காதவருக்கும் அவரால் கண் கூர்மையாகிறது. வல்லுநர் நமக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான்.

அதற்காக மக்களின் ரசனையை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் படங்களைக் கவனியுங்கள். அச்சுப் படத்தின் மேல் சேலைக்கு ஜரிகைத் துணி, நகைக்குச் சமிக்கி என்று வெட்டி ஒட்டியிருப்பார்கள். முகமும் கையும் மட்டும் அச்சிட்டபடியே விடப்பட்டிருக்கும். சாமிக்கு உடுத்திப் பார்க்கும் கை, படத்துக்கும் உடுத்தியிருக்கிறது. அது ரசனையேதான், சிந்தித்துச் செய்த வேலையும்கூட.

ஆனால் அந்த ரசனையும் சுயம்புவாக முளைத்ததில்லை. எது மலிவாக அச்சாகி வந்ததோ அதுவே கண்ணுக்குப் பழகி, தெய்வத்தின் முகம் என்றாலே சிவந்த மேனியும் ஒரே சாயலும் என்றாயிற்று. “எல்லாருக்கும் பிடித்திருக்கிறது” என்பதில் அச்சகத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

வல்லுநர்களும் ஒரே பேச்சில் நிற்பவர்கள் அல்ல. ரவி வர்மாவின் படைப்புகளை 1979-ல் அரசு தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. 1993-ல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தபோதும் கலையுலகம் இரண்டுபட்டது. படம் மாறவில்லை, பார்ப்பவர்களின் அளவுகோல் மாறியது.

அந்த அளவுகோல் கோவில்பட்டி வரை இன்னும் வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம். கோவில்பட்டியில் வாழ்ந்து வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்த கை அவருடையது. சிவகாசியில் அச்சான அவருடைய காலண்டர் தெய்வங்கள் திரைக்கு முன்னே வந்து நிற்பவர்களைப் போல நேர்முகமாக, பார்ப்பவரின் கண்ணோடு கண் கலந்து நிற்கின்றன. ரவி வர்மாவிடம் குமாரசுவாமி குறையாகக் கண்ட அதே நாடகத்தன்மை இங்கே தரிசனத்துக்கு உதவுகிறது. ஆனாலும் நம் ஓவிய வரலாற்று நூல்கள் அதே ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த ராய் சௌத்ரியிலிருந்து பணிக்கர், அவர் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று போகும்போது கோவில்பட்டியைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன. பக்தியால் கொண்டையராஜுவைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். காலண்டர்தானே என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவருடைய கோடு எங்கே உயிரோடிருக்கிறது, எங்கே வாய்ப்பாடாகிவிட்டது என்று படம் படமாக வைத்துச் சொல்லும் ஒரு முழுமையான விமர்சனம் தமிழில் வர வேண்டும்.