சம்மதம் குடுத்தது யாரு?

ரியல்மி போன்ல 'என்ஹான்ஸ்டு இன்டெலிஜென்ட் சர்வீசஸ்' என்று ஒரு வசதி, வாங்கும்போதே ஆன் செய்யப்பட்டு இருந்தது. செட்டிங்ஸில் மூணு நாலு படி உள்ளே போனால்தான் கண்ணில் படும். அழைப்பு விவரம், எஸ்.எம்.எஸ், இருப்பிடம் எல்லாம் எடுக்குதே என்று 2023 ஜூனில் ட்விட்டரில் சத்தம் கிளம்பியது. சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார் அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். கம்பெனியோ, இது பேட்டரிக்காகவும் சூட்டைக் குறைக்கவும்தான், தகவல் போனை விட்டு வெளியே போகாது என்றது.

அது உண்மையாவே இருக்கட்டும். நல்ல காரியம்னா, வாங்குறவரைக் கேட்டுட்டு ஆன் பண்ண என்ன தயக்கம்?

சும்மா பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. 2016-இல் அமெரிக்காவில் விற்ற புளூ போன்களில், கூடவே வந்த ஆடப்ஸ் மென்பொருள் எஸ்.எம்.எஸ் முழுவதையும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவுக்கு அனுப்பியது. அதுவும் வாங்கியவர் இறக்கிக்கொண்ட செயலி இல்லை.

பெரம்பலூரோ அரியலூரோ, போன் வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, வருகிற திரையில் எல்லாம் 'அக்ரீ' அழுத்தித் தருவது பெரும்பாலும் கடைப் பையன்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. வரிசையில் அடுத்த ஆள் நிக்கிறார். ஆனால் சட்டப்படி சம்மதம் கொடுத்தவர் மக்காச்சோளம் போட்ட விவசாயி, சிமென்ட் ஆலைத் தொழிலாளி. அவங்க எஸ்.எம்.எஸ்-ல இருக்கிறது பயிர்க்கடன் தவணை, நூறு நாள் வேலைக் கூலி, ஓ.டி.பி. இதைப் படிக்கிறவனுக்கு அந்த வீட்டில் எப்போ பணம் இருக்கு, எப்போ தட்டுப்பாடுன்னு தெரிஞ்சிடும்.

2025 நவம்பர் 28-இல், புது போன்களில் எல்லாம் 'சஞ்சார் சாத்தி' செயலியைக் கட்டாயம் ஏற்றச் சொன்னது மத்திய அரசு. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3-இல் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. அரசாங்கத்தை அப்படிக் கேட்ட நாம, கம்பெனி ஏற்றி அனுப்புறதை மட்டும் ஏன் கேட்கிறதில்லை?

2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனா தமிழில் வந்தாலும் அதைக் கடைப் பையனே அழுத்தினால் பழைய கதைதான். தகவல் எடுக்கும் வசதி எதுவானாலும் அணைத்து வைத்த நிலையில்தான் விற்கணும். வேணும்னா போன்காரரே போட்டுக்கட்டும். அதுவரைக்கும் புது போன் வாங்கினால் 'அக்ரீ'யை நீங்களே அழுத்துங்க, அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க.