பீதுருதாலகாலவிலிருந்து வரும் படம்

பனி விலகிய நாளில் நுவரெலியாவில் நின்று பார்த்தால் பீதுருதாலகால உச்சி தெரியும். 2524 மீற்றர், இலங்கையில் இதைவிட உயரம் இல்லை. ஜப்பான் உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது.

தலைக்கு மேலே கோபுரம் இருந்தும் படம் சும்மா வந்துவிடவில்லை. ஒளிபரப்பு அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. அது ஒரு குன்றில் பட்டுத் தெறித்தும் வந்தால் போதும், பள்ளத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் ஒரு முகம் இரண்டாகத் தெரியும். அப்போது ஒருவர் தகரக் கூரையோரம் நின்று அன்டனாக் கம்பத்தைத் திருப்புவார். "விட்டுட்டீங்க அண்ணே, பழைய பக்கமே திருப்புங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

கரண்ட் இல்லாத லயங்களில் கார் பற்றரியில்தான் டீவி ஓடியது. பற்றரியை டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆகவே கண்டதையெல்லாம் பார்க்க முடியாது. தமிழ்ச் செய்தியையும் தமிழ்ப் படத்தையும் மட்டும் தவறவிடமாட்டார்கள். டீவி உள்ள காம்பராவில் பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் வாசற்படியில். பொதுத் தொலைக்காட்சி என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான காட்சி எனக்குத் தெரியாது.

சம்பளப் பேச்சு நடக்கும் காலத்தில் தமிழ்ச் செய்தியின் மதிப்பே வேறு. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது தோட்டத்துக்கு வெறும் செய்தியல்ல, அடுப்படிக் கணக்கு.

இன்று அதே ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா அலைவரிசை தமிழுக்கென்றே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காணியுரிமை பற்றித் தாங்களே அதில் வாராவாரம் பேச வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.