தற்காலிகம் என்னும் சொல்

எட்வீஜ் டான்ரிக்கா ஆங்கிலத்தில் எழுதி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சகோதரனே, நான் இறந்துகொண்டிருக்கிறேன்' என்னும் நூல், வெளிவந்த காலத்திலேயே பரிசும் பாராட்டும் பெற்றது. ஒரு குடும்பத்தின் கண்ணீர்க்கதை என்றே பெரும்பாலோர் அதனை வரவேற்றனர். அந்நூல் இன்று மீண்டும் படிக்கப்பட வேண்டியதாயிருக்கிறது. வேறுவிதமாகவும் படிக்கப்பட வேண்டியதாயிருக்கிறது. அதற்கான காரணத்தை முதலிற் கூறிவிடுதல் நன்று.

2025 யூன் 27 இல் ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம், அந்நாட்டில் வாழும் ஹெயிற்றி மக்களுக்கு 2010 முதல் இருந்துவந்த தற்காலிகப் பாதுகாப்பை இனி நீடிப்பதில்லை என அறிவித்தது. அப்பாதுகாப்பின் கீழ் வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேரென அவ்வாண்டின் தொடக்கத்தில் அவ்வரசே மதிப்பிட்டிருந்தது. ஹெயிற்றிக்குத் திரும்புவது இப்பொழுது பாதுகாப்பானது என்பதே அறிவிப்பின் சாரம். ஆயின், அதே அரசின் இராஜாங்கத் திணைக்களம் தன் குடிமக்களை ஹெயிற்றிக்குச் செல்ல வேண்டாமென மிக உயர்ந்த தர எச்சரிக்கையால் தடுத்துக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் தலைநகர் போட்-ஓ-பிறின்ஸை அணுகிய அமெரிக்கப் பயணிகள் விமானமொன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானபின், தன் நாட்டு விமானங்கள் அங்கு செல்வதையும் அவ்வரசு தடைசெய்திருந்தது. அறிவிப்பு வெளியான நாளிலும் அத்தடை நீங்கவில்லை. விமானம் இறங்க அஞ்சும் நகரில் மனிதரை இறக்கிவிடலாம் என்ற இந்த நியாயத்தை விளங்கிக்கொள்ள, இருபதாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு மரணத்தைப் பற்றிய இந்நூல் நமக்குத் துணைபுரிகிறது.

நூலின் கதை இரு சகோதரரைப் பற்றியது. தம்பி மிரா, நூலாசிரியையின் தந்தை. 1971 இல் நியூயோர்க் சென்று வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். தமையன் யோசேப்பு, போட்-ஓ-பிறின்ஸின் பெல்-எயர் என்னும் வறிய குன்றுப் பகுதியில் ஆலயமும் பாடசாலையும் நடத்திய போதகர். தாய் தந்தையர் முன்னே செல்ல, நூலாசிரியை பன்னிரண்டு வயது வரை இப் பெரியதந்தையாரின் வீட்டிலேயே வளர்ந்தார். தொண்டையிற் கண்ட புற்றுநோயால் யோசேப்பு குரலை இழந்தார். அவருடைய உதட்டசைவைப் படித்து, அவர் கூறுவதை ஊராருக்கு எடுத்துரைத்த சிறுமியே பிற்காலத்தில் இந்நூலை எழுதினார். ஊமையாக்கப்பட்ட ஒருவருக்குக் குரலாக நிற்றல் என்பது இங்கு அலங்காரமன்று. நூலாசிரியை சிறுவயதிற் செய்த வேலை அது.

2004 ஒக்டோபர் 24 ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் படையினரும் உள்ளூர்ப் பொலிசாரும் யோசேப்பின் ஆலய மாடியில் ஏறி நின்று ஆயுதக் கும்பல்களை நோக்கிச் சுட்டனர். படை போயிற்று, பழி போதகர்மேல் விழுந்தது. மாடியை இவரே வாடகைக்கு விட்டார் எனக் கும்பல்கள் கருதின. கொல்வதாக மிரட்டின, உடைமைகளைச் சூறையாடின. எண்பத்தொரு வயது முதியவர் மாறுவேடம் பூண்டு தம் சொந்தத் தெருவை விட்டு ஓட நேர்ந்தது.

இவ்விடத்தில் இலங்கை வாசகர் ஒரு கணம் நிற்றல் வேண்டும். அந்த ஐக்கிய நாடுகள் படையணியில் 2004 முதல் இலங்கைப் படையினரும் பணியாற்றினர். 2007 நவம்பரில், பாலியற் சுரண்டல் குற்றச்சாட்டுகளின் பேரில் அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பியனுப்பப்பட்டனர். யோசேப்பின் மாடியில் ஏறியோர் இவர்களே என்று நாம் கூறவில்லை. ஆனால், ஹெயிற்றியை வாழத் தகாத நாடாக்கிய கைகளைக் கணக்கெடுக்கும்பொழுது, அக்கணக்கிற்கு வெளியே நின்று இரக்கப்படும் உரிமை நமக்கில்லை என்பதை மட்டும் கூறுகிறோம்.

நூலின் உயிர்நிலையான கட்டம் மயாமி விமான நிலையத்தில் நிகழ்கிறது. யோசேப்பிடம் செல்லுபடியான விசா இருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டிற்கு வந்து வந்து ஊர் திரும்பியவர் அவர். எவ்வளவு காலம் தங்குவீர் என அதிகாரி வினவியபொழுது ஒரு பொய் கூறியிருந்தால் வெளியே வந்திருப்பார். உண்மை பேசிப் பழகிய போதகர், தமக்கு உயிராபத்து உண்டென்றும், தற்காலிகப் புகலிடம் வேண்டுமென்றும் கேட்டார். அச்சொற்கள் அவரைக் குறோம் என்னும் தடுப்பு நிலையத்திற்குக் கொண்டுசென்றன. அங்கு அவருடைய மருந்துகள் எடுக்கப்பட்டன. புகலிட விசாரணையின்போது அவர் வாந்தியெடுத்துச் சாய்ந்தார். நடிக்கிறார் என்றார் அங்கிருந்த மருத்துவப் பணியாளர். நவம்பர் 3 இல், உறவினர் முகம் காணாமல், கைதிகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் அவர் உயிர் பிரிந்தது.

'தற்காலிகம்' என்ற சொல்லைச் சிறிது ஆராய்வோம். யோசேப்பின் வாயில் அச்சொல், ஊர் திரும்பும் உறுதியைக் குறித்தது. தம் ஆலயத்தையும் மக்களையும் விட்டு நிரந்தரமாக விலக அவர் எண்ணியதில்லை; அதனாலேயே முழுப் புகலிடம் கேளாமல் தற்காலிகம் என்றார். அதிகாரியின் ஏட்டில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. ஏழையின் வாயிலே நம்பிக்கையாக இருந்த சொல், அரசின் கையிலே தவணையாகிறது. ஒரே சொல்லின் இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே முதியவர் மாண்டார். நூலாசிரியை இதனைச் சூத்திரமாக எழுதவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய முறையால் உணரவைத்திருக்கிறார்.

தவணை என்றது மிகையன்று. ஐக்கிய அமெரிக்காவின் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் 1990 இல் நிறைவேறியது. போர், இயற்கை அனர்த்தம், அசாதாரண நிலைமை ஆகியவற்றால் திரும்ப இயலாத நாட்டவருக்கு, 6 மாதம் முதல் 18 மாதம் வரை தங்கவும் தொழில் செய்யவும் அது இடமளிக்கிறது. தவணை முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்னராவது அமைச்சர் நிலைமையை மீளாய்ந்து, தம் முடிவை வர்த்தமானியில் வெளியிடல் வேண்டும். எத்தனை முறை நீடித்தாலும், இப்பாதுகாப்பு தானாக நிரந்தர வதிவுரிமையாக மாறுவதில்லை. 2004 இலும் இச்சட்டம் இருந்தது; ஹெயிற்றிக்கு அது வழங்கப்படவில்லை. 2010 சனவரி 12 இன் நிலநடுக்கத்தின் பின்னரே வழங்கப்பட்டது. அதுவும் அன்று ஏற்கெனவே அமெரிக்க மண்ணில் நின்றோருக்கே. வாயிலில் வந்து நிற்கும் யோசேப்புகளுக்கு அச்சட்டம் இன்றும் கதவன்று.

இந்நூலின் உருவத்தைப் பற்றியும் கூறல் வேண்டும். ஆசிரியையின் நடை அடங்கிய நடை. சினம் பொங்கவேண்டிய இடங்களில் அவர் ஆவணங்களை வைக்கிறார். தகவல் பெறும் சட்டத்தின் துணைகொண்டு பெற்ற அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நாளையும் நேரத்தையும் நோயாளியின் நாடித் துடிப்பையும் எடுத்துத் தருகிறார். தூய இலக்கியம் பேசுவோர் இவ்வடக்கத்தைக் கலைநயம் எனப் போற்றி, அதனோடு நின்றுவிடுகின்றனர். எமக்கு அது வேறாகத் தோன்றுகிறது. முதியவரைக் கொன்ற அதே அலுவலக மொழியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அதன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்கிறார் ஆசிரியை. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவொண்ணாதன என்று நாம் வகுப்பறையிற் கூறிவரும் கூற்றுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

இனி, நாடு ஒன்று தானாகவே பாதுகாப்பற்றதாகிறதா என்னும் வினா எழுகிறது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804 இல் நிறுவிய குடியரசு ஹெயிற்றி. அக் 'குற்றத்திற்கு' நட்டஈடாக 1825 இல் பிரான்சு அதன்மேல் 15 கோடி பிராங்கு கடனைச் சுமத்தியது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. மனிதர் தம் விடுதலைக்காகப் பழைய எசமானருக்கே தலைமுறை தலைமுறையாகப் பணம் செலுத்தினர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கக் கடற்படைப் பிரிவு அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தது. ஆசிரியையின் பாட்டனார் அவ்வாக்கிரமிப்பை எதிர்த்த விவசாயப் போராளிகளுள் ஒருவர். 1957 முதல் 1986 வரை டுவாலியே குடும்பத்தின் கொடுங்கோன்மை வோஷிங்டனின் தயவையும் பெற்று நிலைத்தது. 2010 இல் ஐக்கிய நாடுகள் படையினரின் முகாமிலிருந்து பரவிய வாந்திபேதி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. வீட்டுக்குத் தீமூட்ட உதவியோரே, தீயினின்றும் தப்பி வந்தவனை நோக்கி, 'உனக்கு எத்தனை மாதம் வேண்டும்?' என்று கேட்கின்றனர். தம் நாட்டை ஏனைய நாடுகள்போல வாழ விட்டிருந்தால் தாம் அந்நிய மண்ணில் வாழவும் சாகவும் நேர்ந்திராது என்னும் கருத்தை, தம் இறுதி நாட்களில் தந்தை வெளியிடும் இடம் இவ்வரலாறு முழுவதன் சுருக்கமாகும்.

நூலில் நாம் காணும் குறையையும் மறைத்தல் நேர்மையாகாது. இங்கு துன்புறுவோர் உளர், அன்பு செய்வோர் உளர், அணிதிரள்வோர் இலர். குடும்பத்தின் எல்லையைத் தாண்டியதும் கதை தனிமையில் முடிகிறது. உண்மை வரலாறு அவ்வளவு தனிமையானதன்று. 1980களில் எல்சல்வடோர் அகதிகளும், அவர்களுக்குத் தஞ்சமளித்த ஆலயங்களும், வழக்கறிஞரும் நடத்திய நெடிய இயக்கத்தின் பின்னரே 1990 சட்டம் வந்தது. 2025 இல் ஹெயிற்றியரின் பாதுகாப்பைக் காலத்திற்கு முன்னரே வெட்டிக் குறைக்க அரசு முயன்றபொழுது வழக்காடியோர் யாவர்? ஹெயிற்றியப் போதகர் சங்கம் ஒன்றும், கட்டிடத் துப்புரவாளரும் காவலாளரும் அடங்கிய தொழிற்சங்கக் கிளை ஒன்றும், சில தனி மனிதரும். யூலை 1 இல் நியூயோர்க் நீதிமன்றம் அக்குறைப்புச் சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்தது. 2004 இல் ஒரு போதகர் தனியே நின்று தோற்றார். 2025 இல் போதகரும் தொழிலாளரும் சேர்ந்து நின்று, ஒரு சுற்றையேனும் வென்றனர். வழக்குகள் அத்துடன் ஓயவில்லை என்பது உண்மை. ஆயினும், டான்ரிக்காவின் நூல் எழுதாது விட்ட அதிகாரத்தை அம்மக்களே எழுதத் தொடங்கினர்.

நம் நண்பர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். நீடிப்புக் கேட்பது, ஏகாதிபத்தியத்திடம் தவணை கேட்பதன்றோ? கந்தலுக்கு ஒட்டுப் போடுவதால் ஆடை புதிதாகுமோ? இவ்வினாவில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. எல்சல்வடோர் மக்களுக்கு 2001 இல் நிலநடுக்கத்தின் பேரில் வழங்கப்பட்ட பாதுகாப்பு, 2025 சனவரியிலும் மேலும் 18 மாதம் நீடிக்கப்பட்டது. கால் நூற்றாண்டைத் தற்காலிகம் என்று அழைப்பது மொழிக்கே இழைக்கும் அநீதி. பதினெட்டு மாதத்திற்கொருமுறை புதுப்பிக்கும் காகிதத்தை நம்பி வாழும் தொழிலாளி, கூலி குறைந்தாலும் வாய்திறக்க அஞ்சுவான். இந்த அச்சத்தால் இலாபமடைவோர் எவரென்பதை வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

எனினும், அந்நண்பரின் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 2024 இல் மட்டும் ஹெயிற்றியில் கும்பல் வன்முறையால் 5,600 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தனர். அத்தகைய நிலத்துக்குத் திருப்பியனுப்பப்படாதிருத்தல் உயிரோடு இருத்தலாகும். உயிரோடிருப்பவனே உரிமை கேட்கலாம். ஆகவே, நீடிப்பைக் கோருவதும், தவணை முறையையே ஒழித்து நிரந்தர உரிமை கோருவதும் ஒன்றையொன்று மறுக்கும் இரு வழிகளல்ல. முன்னதைக் கைவிட்டுப் பின்னதைப் பேசுவோர், யோசேப்பைக் குறோமில் விட்டுவிட்டுக் கொள்கை பேசுவோரேயாவர்.

தமையனும் தம்பியும் இன்று நியூயோர்க் மயானமொன்றில் அருகருகே கிடக்கின்றனர். தற்காலிகமாகத் தங்கக் கேட்ட போதகருக்கு அந்நாடு காலவரையறையின்றி வழங்கிய இடம் அதுவே. இந்நூலை மாணவர் கையிற் கொடுக்கும் ஆசிரியர், கதை முடிந்ததும் ஒரு வினாவைக் கேட்கட்டும்: அந்த விமான நிலையத்தில் யோசேப்பு கேட்டது எத்தனை நாள்? அதனை மறுத்தோர், அவர் திரும்பிச் செல்லத்தக்க நாட்டை எத்தனை ஆண்டுகள் சிதைத்தனர்? இரண்டையும் சேர்த்துக் கணக்கிடக் கற்ற மாணவனுக்கு, வர்த்தமானியின் அடுத்த அறிவிப்பை எவ்வாறு படிப்பதென்று நாம் தனியே கற்பிக்க வேண்டியிராது.