ஞானம் ஒட்டாத காசு

தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் ஒரு சொல் வெகுநாளாக என்னைத் தொந்தரவு செய்துவருகிறது. 'ஞான' என்ற முன்னொட்டுதான் அது. ஸ்நானத்துக்கு முன்னால் வைத்தால் ஞானஸ்நானம். தகப்பனுக்கு முன்னால் வைத்தால் ஞானத்தகப்பன். தமிழ் வேதாகமத்தில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் மட்டும் ஞானபோஜனம், ஞானபானம், ஞானக்கன்மலை என்று மூன்று வருகின்றன. பேதுருவின் முதல் நிருபத்தில் பாலும் ஞானப்பால் ஆகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதை ஒரு இலக்கிய உத்தியாகவே ஆக்கிக்கொண்டார்: ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம். சாஸ்திரியாரை நான் குறை சொல்ல வரவில்லை. ஏற்றப்பாட்டு என்ற வடிவத்தைக் கையில் எடுக்கிறவன் தண்ணீர் இறைக்கிறவனின் மூச்சுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும்; மெட்டு அவனை விடாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மெட்டை விட்டுவிட்டார்கள், முன்னொட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சபைப் பத்திரிகைகளிலும் பிரசங்கங்களிலும் 'வீட்டிலிருந்து ஒரு பாடம்' என்று ஒரு வகை உண்டு. முதல் பத்தியில் வீட்டில் ஏதோ நடக்கும். பால் பொங்கி வழியும், குழந்தை இருட்டைக் கண்டு அழும், குக்கர் விசிலடிக்கும். இரண்டாம் பத்தி 'நம்முடைய ஆவிக்குரிய வாழ்விலும்' என்று ஆரம்பிக்கும். மூன்றாம் பத்தியில் வசனம். பால் பொங்கியது பொறுமைக்காக, குழந்தை அழுதது விசுவாசத்துக்காக. அடுப்பைத் துடைத்தது யார், குழந்தையை யார் தூக்கினார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பத்திக்கு வேண்டாத விவரங்கள். இந்த வகை எழுத்து மோசமான நடையில் இருக்கிறது என்பது என் புகார் அல்ல. சிலது நன்றாகவே எழுதப்படுகிறது. வீட்டை ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூர எறிகிறது என்பதுதான் புகார்.

சென்ற வருஷம் என் அம்மாவின் அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தவர் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்ததைச் சொன்னார். இந்தத் தாயார் வீட்டைப் பெருக்கியதுபோலவே தன் உள்ளத்தையும் தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார் என்றார். கூட்டம் உருகியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கடைசி மூன்று வருஷம் அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருக்கியதை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை பிரசங்கத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் உவமை கெட்டுப்போயிருக்கும். துடைப்பத்தை அவர் ஞானத்துடைப்பம் ஆக்கிவிட்டார். ஞானத்துடைப்பத்துக்கு இடுப்பு வலிக்காது.

இதற்கெல்லாம் மூலம் இயேசுவின் உவமைகள்தான் என்று சொல்வார்கள். அவரும் வீட்டிலிருந்துதானே எடுத்தார்? எடுத்தார். ஆனால் எப்படி எடுத்தார் என்று பார்க்க வேண்டும். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணிடம் பத்து வெள்ளிக்காசு இருக்கிறது. ஒன்று தொலைகிறது. விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கிடைக்கும் வரை தேடுகிறாள், கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். விளக்கு, துடைப்பம், அக்கம்பக்கம்: எதற்கும் முன்னொட்டு கிடையாது. காசு காசாகவே இருக்கிறது. கதை முடிந்த பிறகு ஒரு வாக்கியத்தில் ஒப்புமை வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒப்பிடுவது சந்தோஷத்தைச் சந்தோஷத்தோடு. பெருக்குவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒரு பாடமும் சொல்லவில்லை. அவள் நிற்கிற இடம் கேட்பவனின் இடம்கூட அல்ல, கடவுளின் இடம். இதை நம் பிரசங்கிகள் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். மேய்ப்பனைக் கடவுளாக்கிப் படம் வரைந்து சுவரில் மாட்டியாகிவிட்டது. கெட்டகுமாரனின் தகப்பனுக்கும் படம் உண்டு. அதே அதிகாரத்தில் அந்த இருவருக்கும் நடுவில் துடைப்பத்தோடு நிற்கிறவளுக்குப் படம் போட்ட வீட்டை நான் பார்த்ததில்லை.

இதற்குப் பதிலாக ஒரு விளக்கம் பிரசித்தமாகியிருக்கிறது. அந்தப் பத்துக் காசும் மணப்பெண்ணின் தலையணியில் கோத்தவை, ஒன்று போனால் கல்யாணத்துக்கே பங்கம், அதனால்தான் அவ்வளவு பரபரப்பு என்பார்கள். மூலத்தில் தலையணியும் இல்லை, கல்யாணமும் இல்லை. காசு வெறும் காசாக இருப்பதைப் பொறுக்க முடியாமல் கட்டிய கதை இது. கிரேக்கத்தில் திராக்மா என்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. பத்து நாள் கூலியைச் சேர்த்து வைத்திருப்பவளுக்கு ஒரு நாள் கூலி தொலைந்துபோனால் பரபரப்புக்குத் தலையணி வேண்டுமா?

நான் சில வருஷம் வங்கியில் பணம் வாங்கிக் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவன். ஒரு நாள் சாயங்காலம் கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாத தொகை அல்ல. ஆனாலும் சீட்டுகளை மூன்று முறை கூட்டினேன், இழுப்பறையைக் கழற்றினேன், குப்பைக்கூடையைத் தரையில் கொட்டினேன். கடைசியில் நூறு என்று எண்ணிக் கட்டிய கட்டு ஒன்றில் நூற்றொரு தாள் இருந்தது. அந்த இரவு எனக்காகக் காத்திருந்த ஐந்து பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். தொகைக்கும் சந்தோஷத்துக்கும் அங்கே ஒரு விகிதமும் இல்லை. லூக்காவின் கதைக்கு உயிர் இந்த விகிதமின்மையில்தான் இருக்கிறது. தலையணி விளக்கம் அதைச் சரிக்கட்டி, நியாயமான காரணம் கொடுத்து, கொன்றுவிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பே இப்படிச் சரிக்கட்டிய இடம் ஒன்றும் உண்டு. புளித்த மாவின் உவமையில் ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை எடுத்து மூன்று படி மாவில் அடக்கி வைப்பதாகத் தமிழில் வாசிக்கிறோம். நம்முடைய படி சுமார் ஒன்றரை லிட்டர். மூன்று படி என்றால் கொஞ்சம் பெரிய குடும்பத்துக்குத் தோசைக்கு அரைக்கிற கணக்கு. வாசிக்கிறவன் கண்ணில் நம் வீட்டு அடுக்களைதான் தெரியும். மூலத்தில் இருப்பது மூன்று சாத்தோன். ஒரு சாத்தோன் சுமார் பதின்மூன்று லிட்டர் என்று அளவை நூல்கள் சில சொல்கின்றன. ஆக, நாற்பது லிட்டர் அளவுக்கு மாவு. நூறு பேருக்கு மேல் ரொட்டி சுடலாம். இந்த அளவை வைத்துப் பார்த்தால் அவள் செய்துகொண்டிருப்பது அன்றாடச் சமையல் அல்ல. ஒரு ஊருக்கே பிசைந்துகொண்டிருக்கிறாள், அல்லது கதை சொல்கிறவர் வேண்டுமென்றே அளவை மீறுகிறார். ஆதியாகமம் பதினெட்டில் மூன்று விருந்தாளிகள் வந்ததும் ஆபிரகாம் கூடாரத்துக்குள் ஓடிப்போய்ச் சாராளைப் பிசையச் சொல்வதும் இதே அளவுதான். மூன்று பேருக்கு நாற்பது லிட்டர்! (வந்தவர்கள் சாப்பிட்டார்கள் என்று இருக்கிறது. மிச்சத்தைப் பற்றியும் சாராளின் தோள்பட்டையைப் பற்றியும் ஒன்றும் இல்லை.)

யூத வீட்டில் பஸ்கா வரும்போது புளித்த மாவை வீட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும். பரிசேயரின் புளித்த மாவைப் பற்றி எச்சரிக்கிறவரும் இதே இயேசுதான். பரலோகராஜ்யத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது வீட்டில் இருப்பதற்குள் கொஞ்சம் சந்தேகத்துக்குரிய ஒரு வஸ்துவை. அதையும் மாவுக்குள் ஒளித்து வைக்கிற ஒரு கையை. கேட்டவர்கள் திடுக்கிட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து பாடம் எடுக்கிறவர்கள் யாரும் நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை. நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை வீடும் ஒப்புக்கொள்கிறது என்று காட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு மகா உதாரணம் ஜார்ஜ் ஹெர்பர்ட். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு அவருடைய 'எலிக்ஸிர்' பாடமாக இருந்தது. ஒரு வேலைக்காரன் கடவுளுக்காக என்ற நினைப்போடு அறையைப் பெருக்கினால் அந்த இழிந்த வேலையும் தெய்வீகமாகிவிடும் என்பது சாரம். ரசவாதிகளின் கல் பட்ட உலோகம் பொன்னாவதுபோல. எங்கள் பேராசிரியருக்கு இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. பெருக்குகிறவன் ஒருவன், பொன்னைப் பார்க்கிறவன் வேறொருவன். ஹெர்பர்ட் பெரிய குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேசும் பதவியில் இருந்தவர், 1630இல்தான் பெமர்ட்டன் என்ற சின்ன ஊருக்குக் குருவாக வந்தார். நாட்டுப்புறக் குருவைப் பற்றி அவர் எழுதி, இறந்த பிறகு 1652இல் வெளியான உரைநடை நூல் ஒன்று உண்டு. அதில் குருவின் வீட்டில் சுவர்கள்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்கிறார். பக்தி நினைப்பைத் தூண்டும்படி ஏதாவது எழுதியோ வரைந்தோ இருக்க வேண்டுமாம். நம் வீடுகளில் தொங்குகிற வசன அட்டைகளுக்கும் காலண்டர்களுக்கும் பூர்வீகம் இந்த மனம்தான். சுவர் சுவராக இருந்தால் ஏனோ பொறுப்பதில்லை.

ஆனால் ஹெர்பர்ட் இவ்வளவு மட்டும் அல்ல. 1633இல், அவர் நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்த அதே வருஷம் வெளியான தொகுப்பில், 'அன்பு' என்ற தலைப்பில் மூன்றாவதாக ஒரு கவிதை இருக்கிறது. விருந்தாளி ஒருவன் வாசலில் தயங்குகிறான், தனக்குத் தகுதி இல்லை என்கிறான். வீட்டுக்காரர் கையைப் பிடிக்கிறார், புன்னகைக்கிறார், அவன் சொல்கிற ஒவ்வொரு சாக்குக்கும் பதில் சொல்கிறார். கடைசியில் அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அத்தோடு கவிதை முடிகிறது. இங்கே ரசவாதம் இல்லை. சாப்பாடு பொன்னாவதில்லை, சாப்பிடப்படுகிறது. திருவிருந்தைப் பற்றிய கவிதை என்று தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவனுக்கும், வேண்டாம் வேண்டாம் என்று வாசலிலேயே நிற்கிற விருந்தாளியை உள்ளே இழுத்து இலை போட்டு உட்காரவைத்த அனுபவம் இருந்தால் போதும். 'எலிக்ஸிர்' பிரசங்கத்துக்கு உதவும். இது பிரசங்கத்துக்கு உதவாது, ஆகவே இதுதான் கவிதை என்று நான் அந்த வயதில் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

பாரிஸ் மடம் ஒன்றில் சமையற்கட்டில் பல வருஷம் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691) இன்னொரு விதம். அவருக்குச் சமையல் வேலையே பிடிக்காது. அவருடைய பேச்சுகளைக் குறித்து வைத்தவர் இதையும் குறித்து வைத்திருக்கிறார். கடவுளின் சந்நிதியை அடுப்படியில் உணர்ந்ததாகச் சொல்கிறவர் பானை ஆத்துமாவைப் போன்றது, தீ சோதனையைப் போன்றது என்றெல்லாம் போகவில்லை. பானை தேய்க்கிறவனுக்குப் பானையை உருவகமாக்க நேரம் இருக்காது.

தமிழில் எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). பெயர்தான் புத்தம் வீடு, வீடு பழசு, கௌரவமும் பழசு. லிஸி என்ற பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோய் அந்த வீட்டுக்குள் அடைபடுகிறாள். கிறிஸ்தவக் குடும்பம், கோயில் உண்டு, ஜெபம் உண்டு. பனையேறி வீட்டுத் தங்கராஜின்மேல் அவளுக்கு ஆசையும் உண்டு. நாவலாசிரியர் எந்த இடத்திலும் வீட்டைப் பாடமாக்கவில்லை. விசுவாசம் அங்கே சுவர்போல இருக்கிறது. சாய்ந்துகொள்ளவும் செய்கிறார்கள், முட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். லிஸியின் பொறுமையை எடுத்துச் சபைப் பத்திரிகை ஒரு பக்கம் எழுதலாம்தான். ஆனால் அந்தப் பொறுமைக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பது நாவலில் பக்கம் பக்கமாக இருக்கிறது. விலை தெரிந்த பொறுமையைப் பாடமாக்குவது கஷ்டம்.

அம்மாவைப் பற்றி ஆரம்பித்தேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவள் காதுத் தோட்டின் திருகாணி ஒன்று தொலைந்துவிட்டது. சாயங்காலம், கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களையிலிருந்து வாசல் வரை பெருக்கினாள். பெருக்கிய மண்ணைச் சுளகில் போட்டுப் புடைத்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் கூட்டிய மண்ணில் கிடைத்தது. ஈரக் கையில் திருகாணியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவள் என்னிடம், "இப்பத்தாம்ல வெளங்குது, அவ எதுக்கு அக்கம்பக்கத்தாளுவள எல்லாம் கூப்ட்டான்னு" என்றாள். யார் என்று கேட்டேன். லூக்காவில் வருகிறவள்தான்.

அவளுக்கு வீட்டிலிருந்து வேதத்துக்கு வெளிச்சம் போனது. அடக்க ஆராதனையில் பேசியவருக்கு வேதத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்று என்றால் அம்மா அன்றைக்குத் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த இன்னொரு பெண்ணைப் பற்றித்தான் சொன்னாள், தெரிந்தவள் ஒருத்தியைச் சொல்வதுபோல.

அடுத்த மாதமே அந்தத் திருகாணி மறுபடியும் தொலைந்தது. அந்தத் தடவை கிடைக்கவில்லை. அம்மா தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை ஒடித்துக் காதுத் துளையில் செருகிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் வரை அப்படியேதான் கோயிலுக்குப் போய்வந்தாள்.