எதிர் முடுக்கமும் அமர்முடுகலும்: ஓர் இயக்கக் கணக்கின் மொழி

தமிழ்வழி இயற்பியல் பற்றிய விவாதங்கள், கலைச்சொல் தூயதா கடன்பெற்றதா என்னும் வினாவோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அச்சொல் கணக்கினுள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது அரிதாகவே நோக்கப்படுகிறது. பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறும் கணக்கு வகை ஒன்றை இங்குக் கருதலாம். விநாடிக்கு 5 மீட்டர் வீதம் சீராக மேலெழும் பலூனிலிருந்து, அது 60 மீட்டர் உயரத்தில் இருக்கையில், கல் ஒன்று விடப்படுகிறது. கல் தரையை அடைய எவ்வளவு நேரமாகும்? தரையைத் தொடும்போது அதன் வேகம் யாது? புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொள்க, காற்றுத்தடை இல்லை.

முதல் இடறல் ‘விடப்படுகிறது’ என்னும் வினையில் உள்ளது. பேச்சு வழக்கில் கைவிட்ட பொருள் உடனே கீழே விழும். ஆகவே மாணவர் தொடக்கத் திசைவேகத்தைச் சுழியாகக் கொண்டு ஏறத்தாழ 3.46 விநாடி என விடை காண்பர். கல்லோ பலூனின் மேல்நோக்கிய இயக்கத்தோடுதான் பிரிகிறது. மேல்திசையை நேர்க்குறியாகக் கொண்டால் தொடக்கத் திசைவேகம் +5, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −60. விடை 4 விநாடி. இப்பிழையைக் கணித அறிவின் குறையென மதிப்பிடுவது எளிது, நேர்மையன்று.

இரண்டாம் வினாவுக்கு இரு விடைகள் உள்ளன. தமிழகப் பாடநூல்களில் ‘வேகம்’ திசையற்ற அளவு, திசையுடையது ‘திசைவேகம்’. எனவே விடை 35. இலங்கைத் தமிழ் நூல்களில் திசையற்றது ‘கதி’, திசையுடையதே ‘வேகம்’. அங்கு விடை −35. இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் பயில்வோருக்கு இவ்வேறுபாட்டைச் சுட்டும் அடிக்குறிப்பேனும் தேவை.

ஆயினும் சிக்கலின் மையம் ‘முடுக்கம்’ என்னும் சொல்லே. முடுக்குதல் விரையச் செய்தல். யாப்பிலும் முடுகு என்பது விரைந்த ஓட்டமே. இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லால் தளர்வைக் குறிக்க வேண்டியபோது தமிழகம் ‘எதிர்’ என்னும் அடையைச் சேர்த்தது. அந்த அடை இருபொருள் தருகிறது. எதிர்க்குறி உடையது என்பது ஒன்று. இயக்கத்தை எதிர்ப்பது என்பது மற்றொன்று. கல்லின் முதல் அரை விநாடியில் இரண்டும் பொருந்துகின்றன: அது 1.25 மீட்டர் ஏறித் தளர்கிறது. எஞ்சிய 3.5 விநாடியில் முடுக்கத்தின் குறி மாறவில்லை, கல்லோ விரைகிறது. திசைவேகம் குறைந்தால் எதிர் முடுக்கம் என்னும் வழக்கமான விளக்கமும் இங்கு உதவாது. சுழியிலிருந்து −35க்குச் செல்வது எண்ணளவில் குறைவு, விரைவளவில் மிகுதி. உச்சியில் கல் கணநேரம் நிற்பதால் முடுக்கமும் அங்கில்லை என மாணவர் எழுதுவதற்கும் இவ்வேர்ப்பொருள் துணைபோகிறது.

இலங்கை வழக்கான ‘ஆர்முடுகல்’, ‘அமர்முடுகல்’ என்னும் இணை குறிக் குழப்பத்தைத் தவிர்க்கிறது, ஓசையிலும் அழகியது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 4 விநாடியும் மாறாதிருக்கும் ஒரே அளவு, அரை விநாடி கழிந்ததும் அங்கே பெயர் மாறுகிறது.