பாலையும் பாலைவனமும்: மாணவர் பயணக் கட்டுரை ஒன்றை முன்வைத்து

அயல்நாட்டுக் கல்விப் பயணம் மேற்கொள்ளும் மாணவர் குழுவினர், திரும்பி வந்தபின் பயணக் கட்டுரை எழுதுவது நம் உயர்கல்விச் சூழலில் வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை நாட்குறிப்பின் விரிவாகவே நின்றுவிடுகின்றன. அண்மையில் நம் பார்வைக்கு வந்த கட்டுரை அத்தகையதன்று. இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில், ஜோத்பூர் தொடங்கி ஜெய்சல்மேர் வரை, சிற்றூர்கள் வழியே ஒரு குழு மேற்கொண்ட பயணத்தை அக்குழுவில் இடம்பெற்ற மாணவி ஒருவர் எழுதியுள்ளார். நடை சீரானது, பிழைகள் அரிது, சங்க இலக்கியப் பயிற்சி பக்கந்தோறும் புலப்படுகிறது. கட்டுரையின் குறையும் அப்பயிற்சி கையாளப்பட்ட முறையிலிருந்தே பிறக்கிறது என்பதால், அதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணற்குன்றுகளைக் கண்டதும் கட்டுரையாளர் 'பாலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்கிறார். அதன்பின் வரும் ஊர்கள் அனைத்தும் அச்சொல்லின் நிழலிலேயே வருணிக்கப்படுகின்றன. வெம்மை, வெறுமை, பிரிவு, ஏக்கம் ஆகியவையே எங்கும் காணப்படுகின்றன. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கே நிலம் வகுத்தார் என்பதையும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதாகச் சுட்டப்பட்டனவேயன்றி நிலம் தனியே வகுக்கப்படவில்லை என்பதையும் இவ்விதழின் வாசகர் நன்கறிவர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையையே சிலப்பதிகாரம் பாலை என்கிறது. திரிந்த நிலம் மழை வந்தால் மீளும். தார் அவ்வாறு மீளக் காத்திருக்கும் நிலமன்று. வறட்சியே அதன் இயல்பு. அவ்வியல்பை ஏற்று மக்கள் நெருங்கி வாழும் பாலைவனம் அது. உலகப் பாலைவனங்களுள் மக்கட்செறிவு மிக்கவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதனை 'ஆளற்ற பாலை' எனக் குறிப்பது வருணனைப் பிழை மட்டுமன்று, பொருட்பிழையுமாகும். இத்தகைய தொடர்களுக்கே 'இலக்கிய நயம்' என்ற தலைப்பில் மதிப்பெண் வழங்கப்படுவதும் உண்டு. அது வேறு கதை.

கட்டுரையின் தலைசிறந்த பகுதி, ஆசிரியர் பாலையை மறந்துவிட்ட ஒரு பக்கம் என்பது நம் கருத்து. ஒரு வீட்டு முற்றத்தில் முதிய பெண்ணொருவர் தரையிலுள்ள மரமூடியைத் திறந்து வாளியை இறக்குகிறார். கயிற்றின் நனைந்த பகுதியைக் கையால் அளந்து, அடுத்த மழை வரை தண்ணீர் போதுமா எனக் கணக்கிடுகிறார். உவமையில்லை, அடைமொழியில்லை, நான்கு வாக்கியங்களே. அம்மூடியின் அடியிலிருப்பது 'டாங்கா' எனப்படும் நிலவறைத் தொட்டி. அதைச் சூழ்ந்த தரை, மழைநீர் உள்ளே வழியுமாறு சாய்வாக அமைக்கப்படும். ஜெய்சல்மேர்ப் பகுதியின் ஆண்டுச் சராசரி மழை 200 மில்லிமீட்டரை எட்டுவதில்லை; அங்கு இத்தொட்டி ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு எனலாம். அனுபம் மிஸ்ரா 1995இல் வெளியிட்ட 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்னும் இந்தி நூல் இவ்வறிவை விரிவாகப் பதிவு செய்துள்ளது. மழையாக நேரே கிடைக்கும் நீர், ஆழ்நிலத்து நீர், இவ்விரண்டிற்கும் இடையே மணலின் ஈரமாகத் தங்கி, அடியிலுள்ள சுதைப்பாறைப் படிவினால் கீழிறங்காது நிற்கும் நீர் என அம்மக்கள் நீரையே மூவகைப்படுத்துகின்றனர். நிலத்தை ஐந்தாகப் பகுத்த மரபைப் பயின்ற மாணவர், நீரை மூன்றாகப் பகுத்த மரபொன்றின் முற்றத்திலேயே நின்றிருக்கிறார். அம்முதியவரிடம் ஒரு வினாவேனும் கேட்டதாகக் கட்டுரையில் செய்தியில்லை.

குல்தரா பற்றிய பகுதியும் இதனையே காட்டுகிறது. பாலிவால் அந்தணர் வாழ்ந்து கைவிட்ட அவ்வூரை, திவான் சலீம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் மக்கள் நீங்கிய ஊர் என வழிகாட்டி கூறியவாறே கட்டுரை எழுதிச் செல்கிறது. அது வழங்கிவரும் கதை. நீர் குன்றியமை, வரிச்சுமை, நிலநடுக்கம் எனப் பல காரணங்களை ஆய்வாளர் முன்வைத்துள்ளனர். பாலிவால்கள் பெயர்பெற்றது 'கடீன்' வேளாண்மையால். சரிவின் அடியில் நீண்ட மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, மண் ஈரமுண்டபின் குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விளைவித்தனர். பேய் உலவும் ஊர் என்ற பேச்சுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையில் கடீனுக்கு ஒரு வரியுமில்லை.

இதனால் சங்க இலக்கியக் கல்வி பயணத்திற்குத் தடை என்பது பொருளன்று. இரவு விருந்தில் பாடிய மாங்கணியார் இசைஞரைக் கட்டுரையாளர் 'பாலையின் சோகக் குரல்' என்கிறார். மாங்கணியார் தலைமுறை தலைமுறையாகத் தம் புரவலர் குடும்பங்களின் பிறப்பிலும் மணத்திலும் பாடுவோர். அக்குடும்பங்களின் குலவரலாற்றை நினைவில் காப்போர். பாடுவோர் இசுலாமியர், புரவலருள் பலர் இந்துக்கள். பாணரையும் புரவலரையும் மூன்றாண்டு பயின்றவருக்கு இதைவிட அறிமுகமான உறவு வேறெது? அவ்விடத்தில் புறப்பாட்டு நினைவு வரவில்லை. அகப்பாட்டுச் சோகமே வந்தது. பிரிவும் அவ்வாறே. மணலைக் கண்டு பிரிவை எண்ணியவர், மழைக்காலம் முடிந்ததும் ஆட்டு மந்தைகளுடன் மத்தியப் பிரதேசம் வரை சென்று பல திங்கள் கழித்துத் திரும்பும் ராய்க்கா இடையர்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பொருள்வயிற் பிரிவு அங்கே ஆண்டுதோறும் நிகழ்கிறது.

இவ்விடுபாடுகளுக்குக் குழுப் பயணத்தின் இயல்பும் ஒரு காரணம் எனத் தோன்றுகிறது. கட்டுரை முழுதும் 'நாங்கள்' பேசுகிறது. நாங்கள் இறங்கினோம், வியந்தோம், உண்டோம், ஏறினோம். பேருந்து நிற்கும் நேரமே ஊரின் நேரமாகிறது. ஏ.கே. செட்டியார் போன்றோரின் பயண எழுத்தில் தனியே செல்பவரின் ஆர்வம் உண்டு. குழுவுக்கோ தன் உரையாடலே போதுமானதாகிவிடுகிறது. முற்றத்துப் பக்கத்தில் மட்டும் 'நான்' எழுதுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஏனையோர் அப்போது ஒட்டகச் சவாரிக்குச் சென்றிருந்தனராம்.

கட்டுரை நூலாக்கம் பெறவிருப்பதாக அறிகிறோம். அதன்பொருட்டு ஒரு திருத்தம். ஜோத்பூரை அடுத்த கேஜட்லியில், 1730இல் மன்னரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவியைத் தொடர்ந்து 363 பிஷ்ணோய் மக்கள் மரங்களைத் தழுவி உயிர்நீத்ததாக அவர்தம் மரபு போற்றுகிறது. கட்டுரையாளர் இதனை உருக்கமாகவே எழுதியுள்ளார். ஆயின் அம்மரத்தைத் தமிழில் பெயரில்லாத 'கேஜ்ரி' என்றும், பாலைக்கே உரிய முள்மரம் என்றும் அடிக்குறிப்பிட்டுள்ளார். கேஜ்ரி என்பது வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பதும் அதுவே. அடிக்குறிப்பை நீக்கி, வன்னி என்றே அச்சிடலாம்.